நோவு இல்லாதவருக்கு எதற்குப் புற்றுநோய்ச் சோதனை?

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘கேன்சர் டெஸ்ட்’ என்ற ஒரே பேரில் மூன்று நாலு வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பதும் கேன்சர் டெஸ்ட்தான். மார்பில் கட்டி தட்டுப்பட்டவருக்கு ஊசி வைத்துச் சதை எடுத்து அனுப்புவதும் கேன்சர் டெஸ்ட்தான். ஏதோ ஒரு லேபில் சலுகை விலைக்கு ‘ஃபுல் பாடி பேக்கேஜ்’ எடுத்து, ரிப்போர்ட்டில் ஒரு எண் தடித்த எழுத்தில் வந்துவிட, ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறுவதும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதில் முதலாவது மட்டும்தான் ஸ்கிரீனிங். இரண்டாவது நோயறிதல். மூன்றாவது பெரும்பாலும் வீண் செலவு, வீண் பயம்.

மருத்துவ மாணவர்களுக்குக் கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவம், சொல்லிக்கொடுப்பது என் வேலை. அவர்களும் இந்தக் குழப்பத்தோடுதான் வருகிறார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. படிப்பில் பெரும்பகுதி வார்டில், நோயோடு வந்து படுத்திருப்பவர் முன்னால் கழிகிறது. எந்த நோவும் இல்லாமல் வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது, எதைப் பார்க்கக் கூடாது என்று யாரும் அவர்களுக்குப் பழக்கியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையே மருத்துவம் படிக்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

ஸ்கிரீனிங் எது, எது இல்லை

வெற்றிலை போடும் ஒரு பாட்டியிடம் வாயைத் திறக்கச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் கேட்பார்கள்: “எனக்கு ஒரு நோவும் இல்லியே மக்களே, பின்ன எதுக்கு?” “நோவு இல்லை என்பதால்தான் பாட்டி” என்பேன். அந்த ஒரு வரியில் விஷயம் முழுக்க இருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாதவர்களை எளிய சோதனை ஒன்றால் பார்த்து, யாருக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும், யாருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று பிரிப்பதற்குப் பேர்தான் ஸ்கிரீனிங். நோய் இருக்கிறதா இல்லையா என்ற தீர்ப்பு அங்கே வருவதில்லை. அது பயாப்சியில், அதாவது சந்தேகப்பட்ட இடத்திலிருந்து துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதில்தான் வரும்.

நம்ம கடற்கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலையைக் கடலில் வளைத்துப் போட்டு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கரைக்கு இழுக்கிறார்கள். வருவதில் சாளையும் நெத்தோலியும் இருக்கும், சொறியும் பாசியும் கிழிந்த பிளாஸ்டிக்கும் இருக்கும். மணலில் கொட்டிப் பிரித்தால்தான் எது மீன் என்று தெரியும். வலை வீசுவது ஸ்கிரீனிங், கரையில் பிரிப்பது நோயறிதல். வலைக்குள் வந்ததெல்லாம் மீன் என்று யாரும் கூடையில் அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போவதில்லை. ஆனால் ஸ்கிரீனிங்கில் ‘பாசிட்டிவ்’ என்று வந்ததும் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

வலையின் கண்ணி அளவும் முக்கியம். கண்ணி சின்னதாக இருந்தால் மீன் தப்பாது, ஆனால் குப்பையும் சேர்ந்து வரும். கண்ணி பெரிதானால் குப்பை குறையும், சின்ன மீன் நழுவிவிடும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரை ஒரு சோதனை சரியாகப் பிடிக்கிறது என்பது அதன் சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும். இரண்டும் நூற்றுக்கு நூறாக இருக்கும் சோதனை புற்றுநோய்க்கு இதுவரை இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: ஸ்கிரீனிங் அறிகுறி இல்லாதவருக்கு, நோயறிதல் சந்தேகம் வந்தவருக்கு. முதலாவது பிரித்துத் தரும், இரண்டாவது முடிவு சொல்லும்.

பாசிட்டிவ் வந்தால் புற்றுநோயா?

இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல. அறிகுறி இல்லாத 1000 பேரை வைத்துக்கொள்ளுங்கள், அவர்களில் 10 பேருக்கு மட்டும் நோய் உண்டு. சோதனை நோயுள்ளவர்களில் 80 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நல்ல சோதனையாகத்தான் தெரிகிறது. இப்போது எண்ணுவோம். நோயுள்ள 10 பேரில் 8 பேர் பாசிட்டிவ். நோயில்லாத 990 பேரில் பத்து சதவீதம், அதாவது 99 பேர், அவர்களும் பாசிட்டிவ். ஆக மொத்தம் 107 பேர் கையில் பாசிட்டிவ் சீட்டு, அதில் உண்மையாக நோய் இருப்பது 8 பேருக்கு. மீதி 99 பேரும் நல்ல சுகத்தோடு இருப்பவர்கள்.

அதே சோதனையை, அறிகுறியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 1000 பேருக்குச் செய்தால் என்ன ஆகும்? அங்கே 300 பேருக்கு நோய் என்று வைப்போம். 240 பேர் சரியான பாசிட்டிவ், 700 பேரில் 70 பேர் தவறான பாசிட்டிவ். 310 பேரில் 240 பேருக்கு நோய் உண்மை. சோதனை ஒன்றுதான், மாறியது அதைச் செய்துகொண்ட கூட்டம். இதைப் போர்டில் எழுதிக் காட்டும்போது மாணவர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள், ஏனென்றால் சோதனையின் திறன் சோதனைக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருப்பார்கள்.

பேக்கேஜில் புற்றுநோய்க்கென்று வரும் ரத்தச் சோதனைகளின் சங்கதியும் இதுதான். சி.ஏ.125 என்ற அளவு புற்றுநோய் அல்லாத கர்ப்பப்பைக் கட்டிகளிலும், மாதவிலக்கு நேரத்திலும், வயிற்றுக் காசநோயிலும் கூடும். சி.இ.ஏ. பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலேயே கூடியிருக்கும். பி.எஸ்.ஏ. வயதானவர்களுக்கு புராஸ்டேட் வீங்கினாலே ஏறும். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று கவனிக்க இவற்றில் சில பெரிதும் உதவும். எந்தக் கஷ்டமும் இல்லாதவர் மொத்தமாக எடுத்துக்கொள்வதற்கானவை அல்ல இவை. இப்படிப் பயந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணத்தையும் நேரத்தையும் வைத்துச் செய்ய வேண்டிய, உண்மையிலேயே உயிர் காக்கும் சோதனைகள் பக்கத்து சுகாதார நிலையத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு வாய்

வாய்ப் பரிசோதனைக்கு மெஷின் எதுவும் வேண்டாம். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும், பல்செட் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். உதட்டின் உட்புறம், இரண்டு கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கின் மேல், நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கி அடியில், அப்புறம் அண்ணம். எந்தப் பக்கம் பொயிலை ஒதுக்கி வைப்பார் என்று கேட்டுவிட்டு அந்தக் கன்னத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும். சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம் தெரிந்தால் அது லுக்கோபிளேக்கியாவாக இருக்கலாம். வெல்வெட் துணி மாதிரி சிவந்த திட்டு தெரிந்தால் இன்னும் கவனம் வேண்டும், சிவப்புத் திட்டு வெள்ளையைவிட ஆபத்தானது. மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைந்திருந்தால், பாக்கு மெல்வதால் வாயின் உட்தோலுக்கு அடிப்பகுதி இறுகிவருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய படிகள். அவரை அந்தப் படியிலேயே நிறுத்தப் பார்ப்பதுதான் நம் வேலை.

இது உயிர் காக்குமா என்ற கேள்விக்கு உலகமே மேற்கோள் காட்டும் பதில் நமக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. களியக்காவிளையைத் தாண்டினால் வரும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்து, சீட்டுக் குலுக்குவது மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், மறுபகுதியில் வழக்கமான மருத்துவம் மட்டும் நடந்தது. 1996இல் தொடங்கிய ஆய்வு, கிட்டத்தட்ட 2 லட்சம் பேர். 2005இல் வெளியான முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கமாக உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. மொத்த மக்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறைவு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களைத் தேடிப் போனால்தான் பலன் என்பதை அதுதான் காட்டுகிறது.

கர்ப்பப்பை வாய்: பிடிக்க மட்டுமல்ல, தடுக்கவும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஸ்கிரீனிங்குக்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு நோய். எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றால் வருகிறது. தொற்று வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடும். மறையாமல் தங்கினால், செல்கள் மாறி, புற்றுநோயாக ஆவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் எடுக்கும். அந்த நீண்ட இடைவெளியில் ஒரு தடவை பார்த்தாலும், மாறிய இடத்தை உறைய வைத்தோ சூட்டால் கருக்கியோ நீக்கிவிடலாம், பெரிய ஆபரேஷன் வேண்டாம்.

பார்க்கும் முறையும் எளிது. 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில், கிட்டத்தட்ட சமையல் வினிகரின் வலுதான் அது, பஞ்சை நனைத்து கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தை மாணவர்கள் அவசரப்பட்டு விழுங்கிவிடுவார்கள், நான் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுவேன். மாறிய செல்கள் இருந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். இதற்கு வி.ஐ.ஏ. என்று பேர். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. வி.ஐ.ஏ.வுக்கு அழைக்கப்பட்ட பகுதியில் இந்த நோய் 25 சதவீதமும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத்தில் 2009இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு தடவை எச்.பி.வி. சோதனை செய்த குழுவில் இறப்பு ஏறத்தாழப் பாதியானது, ஆனால் அதே ஆய்வில் வி.ஐ.ஏ. குழுவில் அப்படித் தெளிவான குறைவு வரவில்லை. வி.ஐ.ஏ. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பி நிற்கிறது. அதனால் உலக சுகாதார நிறுவனம் இப்போது முடிந்த இடத்தில் எச்.பி.வி. சோதனையைத்தான் முதலில் சொல்கிறது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போட்டால் இன்னும் முன்னதாகவே வழியை மறிக்கலாம்.

மார்பகம் இவ்வளவு எளிதல்ல. மாம்மோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, நம் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் செய்யும் அளவுக்கு வசதி இல்லை, இளவயதில் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் படமும் தெளிவாக வராது. ஆகவே பயிற்சி பெற்ற நர்ஸ் கையால் தொட்டுப் பார்க்கிறார். தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

சுருக்கமாக: வாயும் கர்ப்பப்பை வாயும் கண்ணால் பார்க்கக்கூடிய இடங்கள், புற்றுநோய்க்கு முந்தைய படி தெரியும் இடங்கள். அதனால்தான் எளிய சோதனை அங்கே பலன் தருகிறது.

‘சீக்கிரம் கண்டுபிடித்தால் அதிக நாள் வாழலாம்’

இந்த வாக்கியம் பாதி உண்மை. மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவமுள்ள டாக்டர்களே இங்கே வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒருவருக்கு வந்திருக்கும் நோய், எந்தச் சிகிச்சை செய்தாலும் 65 வயதில் அவரைக் கொண்டுபோய்விடும் வகை என்று வைத்துக்கொள்வோம். 63 வயதில் இருமலில் ரத்தம் வந்து கண்டுபிடித்தால், கண்டுபிடித்த பின் 2 ஆண்டு இருந்தார். ஸ்கிரீனிங்கில் 58 வயதிலேயே கண்டுபிடித்தால் 7 ஆண்டு இருந்தார். ஐந்து வருஷம் தாண்டிவிட்டார், சோதனைக்கு வெற்றி என்று பட்டியலில் எழுதிவிடலாம். ஆனால் இறந்தது அதே 65 வயதில்தான். கூடியது ஆயுள் அல்ல, நோயாளியாக இருந்த காலம் மட்டும். இப்படி முன்கூட்டியே கடிகாரத்தை ஓடவிடுவதால் வரும் தோற்றத்தை லீட் டைம் பயஸ் என்பார்கள்.

இன்னொன்று. வலையை எப்போதாவது ஒரு தடவைதான் இழுக்கிறோம். வேகமாக ஓடும் மீன் இரண்டு இழுப்புக்கு நடுவே கடந்துபோய்விடும், ஒரே இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது மாட்டும். புற்றுநோயும் அப்படித்தான். வேகமாக வளரும் வகை, இரண்டு சோதனைக்கு நடுவில் அறிகுறியோடு வந்துவிடும். மெதுவான, இயல்பிலேயே சாதுவான வகைதான் ஸ்கிரீனிங்கில் அதிகம் சிக்கும். அப்படிச் சிக்கியவர்கள் நன்றாக இருப்பதைப் பார்த்துச் சோதனையைப் பாராட்டினால் கணக்கு தப்பிவிடும்.

இதன் கடைக்கோடிதான் ஓவர் டயக்னோசிஸ்: வாழ்நாள் முழுவதும் எந்தத் தொந்தரவும் தந்திருக்காத ஒன்றைக் கண்டுபிடித்து, புற்றுநோய் என்று பேர் வைத்து, அறுத்துவிடுவது. தென்கொரியாவில் நடந்தது இதற்குப் பெரிய பாடம். அங்கே மற்ற சோதனைகளுக்குப் போனவர்கள் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டி, கழுத்தில் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொண்டார்கள். 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய் சுமார் 15 மடங்கு அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தைராய்டை எடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க மாத்திரை.

அப்படியானால் ஒரு ஸ்கிரீனிங் நல்லதா என்று எப்படித் தீர்மானிப்பது? நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் எத்தனை நாள் இருந்தார்கள் என்று பார்க்கக் கூடாது. சோதனைக்கு அழைத்த ஊரிலும் அழைக்காத ஊரிலும் அந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்திலும் திண்டுக்கல்லிலும் செய்தது அதைத்தான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்ம மாவட்டத்தில் ஸ்கிரீனிங் கூடினால் புற்றுநோய் எண்ணிக்கையும் காகிதத்தில் கூடும், முதல் சில ஆண்டுகளுக்கு அது இயல்பு. உடனே இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி மணலைக் காட்டி ஒரு வாட்ஸ்அப் செய்தி கிளம்பும். மணலின் கதிர்வீச்சு பற்றிய கேள்வி நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு ஸ்கிரீனிங் முகாம் பதில் சொல்லாது. அதற்கு வேறு மாதிரி ஆய்வு வேண்டும். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

முகாமுக்கு வராதவர்கள்

1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இரண்டு நிபுணர்கள் ஸ்கிரீனிங்குக்கான 10 நிபந்தனைகளை எழுதிக்கொடுத்தார்கள், இன்றும் அதுதான் அடிப்படை. அதன் சாரம்: நோய் முக்கியமானதாக இருக்க வேண்டும், அறிகுறிக்கு முன் ஒரு கட்டம் இருக்க வேண்டும், ஏற்கத்தக்க சோதனை இருக்க வேண்டும், கண்டுபிடித்தால் சிகிச்சை தரும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அப்புறம் இது ஒருநாள் கூத்தாக இல்லாமல் தொடர்ந்து நடக்க வேண்டும். கடைசி இரண்டும்தான் முகாம்களில் காணாமல் போகிறவை.

2016இல் வந்த தேசிய வழிகாட்டுதல் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், பெண்களுக்குக் கூடுதலாக மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று சொல்கிறது. 2023இல் தமிழ்நாடு அரசு வீடு தேடிச் சென்று அழைக்கும் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. அழைப்பு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. வருகிறவரைப் பார்ப்பது கிளினிக், வராதவர் யார் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் பொது சுகாதாரம்.

யார் வராதவர்கள்? காலை பத்து மணிக்கு முகாம் வைத்தால் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் பெண்கள் வர முடியாது, ஒரு நாள் கூலி போகும். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து முடித்து வரும்போது முகாம் கலைந்திருக்கும். தூத்தூர் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரையில் இல்லை. புகையிலைப் பழக்கம் உள்ள ஆண்களை எங்கே தேடுவது என்றால், இப்படி வேலைக்குப் போய்விட்ட இடங்களில்தான். முகாமில் வரிசையில் நிற்பவர்களோ பெரும்பாலும் ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள். எனவே மாணவர்களை முகாமுக்குக் கூட்டிப்போனால் முதலில் கேட்கச் சொல்வது, இந்த வார்டில் 30 வயதுக்கு மேல் எத்தனை பேர், அதில் இன்று வந்தது எத்தனை பேர் என்பதைத்தான். பார்த்தவர் எண்ணிக்கை மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்த ஓட்டை பாசிட்டிவ் வந்த பிறகு. மெடிக்கல் காலேஜ் இருக்கும் “ஆசாரிப்பள்ளம் போங்க” என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த அக்காவுக்கு மெடிக்கல் காலேஜில் எந்த ஓ.பி., எந்த நாள், கூட யார் வருவார், வீட்டில் சொன்னால் என்ன பேச்சு வரும் என்று எதுவும் தெரியாது. பயாப்சிக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள், இடையில் பிள்ளைக்குப் பரீட்சை. இங்கேதான் ஆட்கள் நழுவுகிறார்கள். ஸ்கிரீனிங்கால் உயிர் தப்புவது டார்ச் அடித்த நேரத்தில் அல்ல, அந்த அக்கா ரிசல்ட்டை வாங்கிச் சிகிச்சைக்குப் படுத்த நாளில். ஆகவே மாணவர்களின் நோட்டில் பேர், வயது, கண்டது என்ற கட்டங்களுக்குப் பிறகு இன்னும் மூன்று கட்டம் போடச் சொல்கிறேன்: போய்ச் சேர்ந்தாரா, ரிசல்ட் என்ன, சிகிச்சை தொடங்கியதா. அந்த மூன்றும் நிரம்பும் வரை கிராம சுகாதார செவிலியரோடு சேர்ந்து ஃபோன் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பாசிட்டிவ் வந்தவரிடம் பேசும் விதமும் பாடத்தில் சேர்ந்ததே. “சந்தேகமா இருக்கு, கேன்சராக்கூட இருக்கலாம்” என்று நடு வராந்தாவில் சொல்வதற்கும், தனியாக உட்கார வைத்து “இன்னொரு சோதனை பண்ணிப் பார்க்கணும் அக்கா, உங்களை மாதிரி பாசிட்டிவ் வந்த பலருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா பார்க்காம விடக்கூடாது” என்று சொல்வதற்கும் நடுவில்தான் அவர் மறுபடி வருவதும் வராமல் போவதும் இருக்கிறது.

அறிகுறி இருந்தால் முகாமுக்குக் காத்திருக்காதீர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் நோவு இல்லாதவர்களுக்கு. மூன்று வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மார்புக் காம்பில் ரத்தக் கசிவு, மாதவிலக்கு நின்றபின் ரத்தம் போவது, உறவுக்குப் பின் ரத்தம், காரணம் தெரியாத எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், குணமாகாத குரல் கம்மல், இதில் ஏதாவது இருந்தால் உங்களுக்கு ஸ்கிரீனிங் பொருந்தாது. போன மாதம் முகாமில் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருந்தாலும் பொருந்தாது, ஏனென்றால் வலை விட்டுவிடுவதும் உண்டு. இந்த வாரமே டாக்டரிடம் போய், எத்தனை நாளாக இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பொயிலை போடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், எந்தப் பக்கம் ஒதுக்குவீர்கள் என்பது உட்பட.